காருக்கு ஒரு கூறைப் புடவை

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு கூறைப் புடவை இருக்கும். அம்மாவுடையதாக இருக்கலாம், பாட்டியுடையதாகவும் இருக்கலாம். பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி மடித்து, பூச்சி அண்டாமல் காப்பாற்றி வருவீர்கள். அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி, மோட்டார் காரின் ஸீட்டுக்கு உறை தைக்கப் போகிறேன் என்று வீட்டில் யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

"கத்தரிக்கோலைப் பிடுங்கி ஒளித்து வைப்பேன்!" என்கிறீர்களா? என் நண்பருடைய தங்கை அதைத்தான் செய்தாள்.

நண்பரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார். பல வருஷம் பணம் சேர்த்து, அவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்த எம்.ஜி. 'டி.டி.' வண்டி அது. 1950 முதல் 1953 வரை அந்த வகையில் ஏறக்குறைய முப்பதாயிரம் வண்டிகள் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. தப்பித் தவறி நம் பக்கம் வந்து சேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேலே கித்தான் கூரை. அதையும் மடித்துவிட்டால் ஆகாயம்தான் கூரை.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாகிவிட்டது. வர்ணம் அடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது ஸீட் ஒன்றுதான். அது கிழிந்து, ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது.

நண்பருடைய தாயார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இந்த வண்டிப் பைத்தியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "முதலில் என்னை ஏற்றிக்கொண்டு காஞ்சீபுரம் போய்க் காமாட்சியைச் சேவித்துவிட்டு வரணும்டா" என்பாராம். வண்டி வந்தது, அம்மா இல்லை. அம்மாவின் கூறைப் புடவை மட்டும் இருந்தது. அரக்குச் சிவப்பு உடல், மாம்பழ மஞ்சள் கரை, அசல் காஞ்சீபுரம் பட்டு.

"அதை ஸீட்டுக்குப் போட்டால் அம்மா மடியில் உட்கார்ந்தாற்போல் இருக்கும்" என்றார் நண்பர்.

"அண்ணா அதில் கத்தரி வைத்தால், இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன்" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமே என்னிடம் வந்தார்கள். "நீங்கள்தான் பத்திரிகைக்காரர் ஆச்சே! நாலு பேரைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அதன்படி செய்கிறோம்" என்று தீர்ப்பை என் தலையில் கட்டினார்கள். புடவையை ஒரு துணிப் பையில் வைத்துக்கொண்டு காஞ்சீபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

தறியடியில் ஒரு பெரியவர்

காஞ்சியில் நெசவு என்றால் பிள்ளையார்பாளையம் பக்கம் போகவேண்டும். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதில் விழுந்தது. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொல்லாமல் புடவையை மட்டும் பிரித்து வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முதலில் பார்த்தது ஜரிகைப் பூவை அல்ல. உடலும் கரையும் சேருகிற இடத்தை! விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கோர்வை. நல்ல கை" என்றார்.

கோர்வை என்றால் என்னவென்று புடவை கட்டுகிறவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. உடலுக்கு ஒரு வர்ணம், கரைக்கு வேறு வர்ணம் என்றால் மூன்று நாடாக்கள் வேண்டும். இரண்டு கரைகளுக்கு இரண்டு, நடுவே உடலுக்கு ஒன்று. நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு திரும்பும். முந்தானை வேறு நிறம் என்றால், பழைய பாவு இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைச் சேர்த்து முறுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! "புடவை கிழிந்தாலும் கரை பிரியாது" என்று ஊரில் பெருமையாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது விஷயத்தை மெள்ளச் சொன்னேன். பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வக்கீல் மாதிரி கேள்விகள் கேட்டார்.

"வண்டியை எங்கே நிறுத்துவாங்க, தம்பி?"

"ஆபீஸ் வாசலில். வெயிலில்தான்."

"கூரை உண்டா?"

"பாதி நாள் திறந்துதான் ஓட்டுவார்."

"இறங்கி ஏறும்போது ஸீட்டில் தேய்ச்சுக்கிட்டுத்தானே ஏறணும்?"

"ஆமாம். வண்டி ரொம்பத் தாழ்வு. சறுக்கித்தான் உள்ளே போகவேண்டும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜரிகைப் பூ ஒன்றைக் காட்டினார். அங்கே ஜரிகை இழை பட்டுக்கு மேலே சிறிது தூரம் மிதந்து போய் மறுபடி உள்ளே இறங்குகிறது. "இதிலே ஒரு சாவி மாட்டினாப் போதும், இழுத்துக்கிட்டு வந்துடும். பட்டு இழை லேசிலே அறாது, தம்பி. ஆனா இது மேலுக்குக் கட்டிக்கிறதுக்கு நெஞ்சது. உட்கார்ந்து தேய்க்கிறதுக்கு நெய்யல்லே" என்றார். பிறகு புடவையை அவரே மடித்து, என் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை சொன்னார்.

"பட்டை உட்கார வையுங்க. பட்டு மேலே உட்காராதீங்க."

தேருக்கு என்ன கட்டுகிறார்கள்?

திரும்பும் வழியில் பெரியவர் சொன்னதை அசை போட்டுக்கொண்டே நடந்தேன். இந்த ஊருக்கு வண்டி அலங்காரம் புதிதா என்ன? கோயில் தேரை ஆங்கிலத்தில் 'டெம்பிள் கார்' என்றுதானே சொல்கிறார்கள்? தேருக்கு என்ன கட்டுகிறார்கள், பாருங்கள். வெளியே தொங்குவது தேர்ச்சீலை; நிறம் நிறமாகத் துணியை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்த முரட்டுத் துணி. சுற்றிலும் உருளை உருளையாகத் தொம்பைகள். காற்றும் வெயிலும் புழுதியும் அதன் பாடு. பட்டு எங்கே இருக்கிறது? உள்ளே, சுவாமியின் திருமேனியில்.

மேல் நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கணக்குத்தான் இருந்தது. பழைய ரோல்ஸ் ராய்ஸ் போன்ற பெரிய வண்டிகளில் முன் ஸீட்டுக்குத் தோல், பின் ஸீட்டுக்கு உயர்ந்த துணி. ஏனென்றால் முன்னால் உட்காருகிறவன் டிரைவர். அவனுக்குப் பல வண்டிகளில் கூரைகூடக் கிடையாது; மழையில் நனைந்தால் துடைத்துக்கொள்ளத் தோல்தான் சரி. எஜமானர் கண்ணாடிக் கதவுக்குள் மெத்தென்ற கம்பளித் துணியிலோ பட்டிலோ சாய்ந்திருப்பார். 1926-ல் இங்கிலாந்தில் வசித்த ஓர் அமெரிக்கச் செல்வர், தம் மனைவிக்குப் பரிசாக ஒரு ரோல்ஸ் ராய்ஸ் செய்யச் சொன்னார். அதன் உள்ளே ஸீட்டுக்குப் பிரான்சிலிருந்து வந்த ஒபுஸான் சித்திர நெசவு! அதைச் செய்து முடிக்க மட்டும் ஒன்பது மாதம் பிடித்ததாம். ஆனால் அது வண்டியா? சக்கரம் வைத்த வரவேற்பறை!

ஸ்போர்ட்ஸ் காரில் எஜமானரும் அவரே, டிரைவரும் அவரே. மழையும் வெயிலும் அவர் மேல்தான். ஆகவே டிரைவருக்கு உரிய தோல்தான் அவருக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்குத் தோல் ஸீட் என்றால் பணக்காரத்தனம் என்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் அது வேலைக்காரன் ஸீட்!

ஐந்து பரீட்சை

காஞ்சீபுரம் பஞ்சபூத ஸ்தலங்களில் பிருத்வி ஸ்தலம். ஏகாம்பரநாதர் கோயிலில் இருப்பது மண் லிங்கம். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. திறந்த காரின் ஸீட்டையும் ஐந்து பூதங்கள்தான் சோதிக்கின்றன. எந்தத் துணியானாலும் இந்த ஐந்து பரீட்சைகளை வைத்துப் பாருங்கள்.

மண்: ரோட்டுப் புழுதி ஸீட்டில் படியும். அதன் மேல் நீங்கள் உட்கார்ந்து அசைந்தால், அது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமானம். துணி ஆலைகளில் மார்ட்டிண்டேல் என்ற ஒரு யந்திரம் உண்டு. துணியை ஆயிரக்கணக்கான தடவை தேய்த்து, எத்தனையாவது தேய்ப்பில் இழை அறுகிறது என்று எண்ணும். கார் ஸீட்டுத் துணி பல பதினாயிரம் தேய்ப்புகளைத் தாங்கவேண்டும். ஜரிகைப் பட்டுக்கு இது கடினமான பரீட்சை.

நீர்: மழையைவிட வியர்வை பொல்லாதது. வியர்வை பட்ட பட்டு நாளடைவில் நிறம் மங்கி, நைந்துபோகும். புடவை கட்டிய அன்றே மடித்து வைக்காமல் காற்றாடப் போடு என்று பாட்டி சொன்னது சும்மா இல்லை. ஜரிகையில் இருப்பது, பட்டு நூலில் சுற்றிய வெள்ளித் தகடு. அதன் மேல்தான் தங்கப் பூச்சு. பூச்சுத் தேய்ந்தால் வெள்ளி கறுக்கும்.

நெருப்பு: அமெரிக்காவில் 1972 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. காரின் உள் சாமானில் தீப்பிடித்தால், அது ஒரு நிமிஷத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் பரவக் கூடாது. உண்மையைச் சொல்லவேண்டும்: இந்தப் பரீட்சையில் பட்டு அவ்வளவு மோசமில்லை. பட்டு மெதுவாகவே எரியும். நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணையும். செயற்கை இழைதான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

காற்று: இது இரண்டு விதம். ஒன்று, ஸீட்டு மூச்சு விடவேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டும். இன்னொன்று, காற்றாய்ப் பறந்து வளைவில் திரும்பும்போது ஸீட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பட்டு வழுக்கும். பட்டு ஸீட்டில் பட்டுப் புடவை கட்டியவர் உட்கார்ந்தால், முதல் திருப்பத்திலேயே கதவோடு போய் ஒட்டிக்கொள்வார்!

ஆகாயம்: அதாவது சூரியன். இயற்கை இழைகளுக்குள் வெயிலுக்கு மிகவும் பயப்படுவது பட்டுத்தான். "பட்டை நிழலில் உலர்த்து" என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கார் ஸீட்டோடு சேர்த்து யோசிக்கமாட்டோம். அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் செய்த ஒரு பரிசோதனையின் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில், டாஷ்போர்டு சராசரி 69 டிகிரி சென்டிகிரேட், ஸ்டியரிங் 53 டிகிரி, ஸீட்டு 51 டிகிரி சூடு ஏறியிருந்தது. அந்தச் சூட்டோடு நேர் வெயிலும் சேர்ந்தால் பட்டு எத்தனை வருஷம் தாங்கும்?

ஐந்தில் நாலு பரீட்சைகளில் பட்டு தேறவில்லை. அது பட்டின் குற்றமல்ல. குதிரைப் பந்தயத்தில் யானையை ஓடவிட்டால் யானையின் குற்றமா?

வேட்பாளர்கள் நாலு பேர்

பட்டு இல்லையென்றால் எது? உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் சாதாரணக் கார் இருக்கலாம். நாளைக்கு ஸீட் மாற்றும்போது இந்த நாலு பேரில் ஒருவரைத்தான் நீங்களும் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரெக்ஸின். இது ஒரு ஆங்கிலக் கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். பருத்தித் துணியின் மேல் ரசாயனப் பூச்சு ஏற்றித் தோல் மாதிரி ஆக்கினார்கள். இப்போது பி.வி.சி. பூச்சுத் துணி எல்லாவற்றையுமே நாம் ரெக்ஸின் என்றுதான் சொல்கிறோம். விலை குறைவு, தண்ணீர் இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் மூச்சு விடாது. சித்திரை மாதத்தில் அரைக்கை சட்டையோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது, துணி. துணி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 1976-ல் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனி 'கோல்ஃப் ஜி.டி.ஐ.' என்ற வேகமான சிறு வண்டியைக் கொண்டுவந்தது. அதன் ஸீட்டுக்குக் கட்டம் போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண்மணி. அவர் ஆரம்பத்தில் பீங்கானில் சித்திரம் எழுதியவர். அந்தக் கட்டத் துணி அந்த வண்டிக்கே அடையாளமாகிவிட்டது. துணி சுடாது, வழுக்காது, மூச்சு விடும். ஆனால் திறந்த வண்டியில் ஒரு மழை நனைந்தால், உள்ளே இருக்கும் மெத்தை வரை ஈரம் இறங்கும்.

மூன்றாவது, அல்கந்தாரா. பார்த்தால் மான் தோல் மாதிரி மிருதுவாக இருக்கும்; ஆனால் மிருகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1970-ல் ஜப்பானில் டோரே கம்பெனியைச் சேர்ந்த மியோஷி ஓகமோட்டோ கண்டுபிடித்த நுண்ணிழைத் துணி வகை அது. பிறகு இத்தாலியில் தயாராகிறது. ஆளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் வேகக் கார்க்காரர்களுக்கு அதன் மேல் மோகம். அழுக்கும் எண்ணெய்யும் ஏறினால் மயிர் படிந்து பளபளக்க ஆரம்பிக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கிற நம் ஊருக்கு யோசிக்கவேண்டிய விஷயம்.

நாலாவது, தோல். இதற்கு நாம் எங்கும் போகவேண்டாம். காஞ்சியைத் தாண்டி பாலாற்றோரமாக மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்திய சென்னைத் தோல், 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்ற பெயரில் வெகு காலம் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது.

ஆனால் ஸீட்டுக்கு ஆவாரம் பட்டைத் தோல் ஏற்றதல்ல. வெயில் படப் பட அதன் நிறம் சிவந்து கறுக்கும். தண்ணீர் பட்டால் கறை விழும். பைக்கும் பெல்ட்டுக்கும் அது அருமை. ஸீட்டுக்கு வேண்டியது, குரோம் உப்பில் பதனிட்டு மேலே நிறப் பூச்சு ஏற்றிய தோல். அல்லது குரோம் இல்லாமலே பதனிடுகிற புது முறைத் தோல். தோலுக்கு ஒரு விலை கடையில். இன்னொரு விலை ஆற்றில். பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டது கண்டு வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. அசுத்தம் செய்தவரே அதற்கு ஈடும் செய்யவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆகவே தோல் வாங்கும்போது, கழிவைச் சுத்தம் செய்கிற ஆலையின் சரக்கா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இந்த நாலு பேரையும் வேண்டாம் என்று தள்ளுகிறவர்களும் உண்டு. காஞ்சியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் ஏற்படுத்தி 1990-ல் திறந்த பந்தயப் பாதை அங்கே இருக்கிறது. ஒற்றை ஆள் பந்தயக் காரில் ஸீட்டு என்பது ஆளின் உடம்புக்கு அச்சு எடுத்தாற்போல் வார்த்த கெட்டிக் கூடு. மெத்தை கிடையாது, அலங்காரம் கிடையாது. நிஜமான வேகத்துக்கு உறையே வேண்டியதில்லை! உறை என்பது வேகத்துக்காக அல்ல, நமக்காக.

பெரியமேட்டில் ஒரு தீர்ப்பு

சென்னைக்குத் திரும்பி, அண்ணனையும் தங்கையையும் எதிரெதிரே உட்கார வைத்து விவரத்தைச் சொன்னேன். பெரியவர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். நண்பர் வெகு நேரம் பேசவில்லை.

"அப்போது அம்மாவுக்கு அந்த வண்டியில் இடமே இல்லையா?" என்றார் கடைசியில்.

தங்கைதான் பதில் சொன்னாள். "யார் சொன்னது, அண்ணா? நிறத்தை எடுத்துக்கொள்ளேன்!"

மறுநாள் மூன்று பேருமாகப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போனோம். புடவையைத் தங்கை மடியிலிருந்து இறக்கவில்லை. முந்தானையின் ஒரு மூலையை மட்டும் விரித்துக் காட்டினாள். கடைக்காரர் தோல் தோலாக எடுத்துப் போட்டார். ஏழாவதோ எட்டாவதோ தோல், அச்சு அசல் அந்த அரக்கு! தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். தழும்பும் பூச்சிக்கடியும் உள்ள இடங்களைக் கழித்துப் போட்டு, எவ்வளவு தேறும் என்று பார்த்து வாங்கவேண்டும்.

அங்கே தங்கை ஒரு காரியம் செய்தாள். கைக்குட்டையை நனைத்துத் தோலின் மேல் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளைக் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "சாயம் போனால் வேஷ்டியும் போகும், புடவையும் போகும்" என்றாள். நீங்களும் இந்தப் பரீட்சையைச் செய்யாமல் எந்த ஸீட் உறையும் வாங்காதீர்கள்.

புதுப்பேட்டைப் பக்கத்துக் குஷன் கடை மேஸ்திரி பழைய ஸீட்டைப் பிரித்தபோது ஓர் ஆச்சரியம். வெள்ளைக்காரன் செய்த அந்த ஸீட்டிலேயே, ஆள் உட்கார்ந்து சாய்கிற முகப்பில்தான் தோல். பின்புறமும் பக்கமும் தோல் மாதிரித் துணி! "எல்லா இடத்துக்கும் தோல் கேட்பாங்க, ஸார். தேய்கிற இடத்துக்குப் போட்டாப் போதும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்" என்றார் மேஸ்திரி. அதே கணக்கில் அவரும் தைத்தார். உள்ளே புது ஸ்பிரிங். அதன் மேல் ரப்பர் ஏற்றிய தென்னை நார். அதற்கு மேல் நுரை மெத்தை. அரக்குத் தோலைச் சுற்றிலும் விளிம்பில் மாம்பழ மஞ்சள் தோலில் மெல்லிய பைப்பிங். கோர்வை போட்டாற்போலவே இருந்தது.

மேஸ்திரி சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். புது மாடல் கார்கள் பலவற்றில் ஸீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே காற்றுப் பை இருக்கிறது. மோதினால் தையலைப் பிளந்துகொண்டு அது வெளியே வரவேண்டும். அழகாயிருக்கிறதே என்று அதற்கு மேல் கனத்த உறையைப் போட்டு இறுக்கித் தைத்துவிட்டால், உயிரைக் காக்கும் பையை நாமே கட்டிப்போட்டதாகும். ஸீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்ற சீட்டு தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த மாடலுக்கென்றே பக்கத்தில் வழி விட்டுத் தைத்த உறையைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

தோல் ஸீட்டுக்கு எண்ணெய் பூசாதீர்கள். வாரம் ஒரு தரம் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டால் போதும். மழை மாதத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்றாடத் திறந்து வையுங்கள். வண்டி வெயிலில் நிற்கிறதென்றால், ஒரு பழைய பருத்திப் போர்வையை மேலே விரியுங்கள். எந்த உயர்ந்த தோலுக்கும் அதைவிட நல்ல காப்பு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வண்டி காஞ்சீபுரத்துக்குப் புறப்பட்டது. இரண்டே ஸீட்டு; நண்பர் ஒன்றில், தங்கை ஒன்றில். எனக்கு இடமில்லை. நான் பஸ்ஸில் போய்க் காமாட்சி அம்மன் கோயில் வாசலில் காத்திருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் வண்டி வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் இவ்வளவு மெதுவாக வந்ததே கிடையாது!

கித்தான் கூரையை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். தங்கை கதவைத் திறந்து இறங்கினாள். அரக்குச் சிவப்புப் புடவை; மாம்பழ மஞ்சள் கரை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸீட்டைத் திரும்பிப் பார்த்தாள். புடவையும் ஸீட்டும் ஒரே நிறமாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்திருக்கும்.

"வா அண்ணா, அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள்" என்றாள்.

எந்த அம்மாவைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.